கேளாத காவல்

எல்லையைக் காப்பது அரசின் கடமை என்பதில் தமிழ் அறநூல்களுக்கு ஐயம் இருந்ததில்லை. திருக்குறளின் பொருட்பாலில் அரணுக்கு ஓர் அதிகாரமும், ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமும், உட்பகைக்கு ஓர் அதிகாரமும் இருக்கின்றன. வந்த விருந்தினனைப் பேணச் சொல்லும் அதே நூல், ஒருவனை நம்புமுன் ஆராய்ந்து தெளியவும் சொல்கிறது. ஆகவே குடிநுழைவுச் சட்டத்தைப் பற்றிய அறக்கேள்வியைக் கதவைத் திறப்பதா அடைப்பதா என்ற அளவில் வைத்துப் பேசினால், அது ஈரநெஞ்சம் கொண்டவர்களுக்கும் எச்சரிக்கை உள்ளவர்களுக்கும் இடையிலான வழக்காகச் சுருங்கி, இரு தரப்பும் தத்தம் நிலையிலேயே நின்றுவிடும். ஆழமான கேள்வி வேறொன்று: வாயிலில் நிற்பவன்மீது எழுந்த ஐயத்தை, அவன் வாயிலிருந்து ஒரு சொல்லும் கேளாமல், தீர்ப்பாக ஆக்கிக்கொள்ளும் உரிமையை நாட்டுப் பாதுகாப்பு என்ற காரணம் ஓர் அரசுக்குத் தந்துவிடுமா?

ஜொகூரில் இது ஏட்டுக் கேள்வியாக நிற்பதில்லை. மலேசியத் தீபகற்பத்தின் தென்முனையில் சிங்கப்பூரைப் பார்த்தபடி இருக்கும் இம்மாநிலத்துக்கு எல்லை என்பது அன்றாடம் கடக்க வேண்டிய இடமாக இருக்கிறது. 1924இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள ஜொகூர் பாலத்தில் 1967இல்தான் கடப்பிதழ்ச் சோதனை வந்தது. அதற்கு முன் ஒரே நிலத்தின் இரு கரைகளாக இருந்தவற்றுக்கிடையே இன்று விடியுமுன் எழுந்து வேலைக்குப் போகிறவர்களின் வரிசை நீள்கிறது. அச்சமும் இங்கே கற்பனையில் பிறந்ததன்று. 1950 பிப்ரவரி 23 அன்று மூவார் ஆற்றங்கரையில் இருந்த புக்கிட் கெப்போங் காவல் நிலையம் கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களால் தாக்கப்பட்டு எரிந்தது. காவலர்களோடு அவர்கள் குடும்பத்தாரும் மாண்டனர். 1977 டிசம்பர் 4 அன்று கடத்தப்பட்ட மலேசிய விமானம் தஞ்சோங் கூப்பாங்கில் விழுந்து, அதிலிருந்த 100 பேரும் உயிரிழந்தனர். 2024 மே 17 அதிகாலை உலு திராம் காவல் நிலையத்தில் இரண்டு காவலர்கள் கொல்லப்பட்டனர். இவற்றையெல்லாம் கண்ட மக்களிடம் பாதுகாப்பு என்ற சொல் வெறும் சாக்கு என்று கூறுவது அவர்களுடைய துயரை மதிக்காத பேச்சாகும். ஆனால் உலு திராமில் கத்தியோடு வந்தவன் கடல் கடந்து வந்த அயலான் அல்லன், உள்ளூர் இளைஞன் என்பதையும் மறக்கலாகாது. அச்சம் உண்மையாக இருக்கும்போதே அது சுட்டும் விரல் தவறான ஆளை நோக்கி நீளக்கூடும்.

மலாயாவில் அந்த விரல் எவ்வாறு சட்டமாக உறைந்தது என்பதற்கு, இன்று ஒவ்வொரு மலேசியரின் பணப்பையிலும் இருக்கும் அடையாளக் கார்டே சான்று. மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் கிளர்ச்சியை ஒடுக்க 1948 ஜூனில் பிறப்பிக்கப்பட்ட அவசரகாலத்தின் ஒரு கருவியாகவே அது பிறந்தது. 12 வயதைக் கடந்த ஒவ்வொருவரும் நிழற்படமும் பெருவிரல் ரேகையும் தந்து பதிந்துகொண்டு, அந்தத் தாளைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்றாயிற்று. காட்டுக்குள் இருப்பவனையும் ஊருக்குள் இருப்பவனையும் பிரித்தறியவே அது வந்தது என்பதால், கொரில்லாக்கள் அதைப் பறித்துக் கிழித்தார்கள். அரசோ அது இல்லாதவனைச் சந்தேகத்துக்குரியவனாக எண்ணியது. 1950 ஜூனில் ஜொகூரிலிருந்து தொடங்கிய பிரிக்ஸ் திட்டம், காட்டோரம் குடியிருந்தவர்களைப் பெயர்த்து முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடிவைத்தது. நாடு முழுவதும் ஏறத்தாழ 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், அவ்வாறு இடம் மாற்றப்பட்டனர். நாடுகடத்தலும் அக்காலத்தில் பெருமளவில் நடந்தது. நீதிமன்றத்தில் குற்றத்தை நிறுவத் தேவையில்லாமல், ஓர் ஆணையால் ஒருவரை அவர் பிறந்த நாட்டுக்கோ அவர் முன்னோர் பிறந்த நாட்டுக்கோ கப்பலேற்றிவிடும் அதிகாரமே நாடுகடத்தல் என்பது.

அந்த அதிகாரத்தைத் தமிழர்கள் அவசரகாலத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஒன்று, துரையையோ கிராணியையோ வழியில் கண்டால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது. அந்த இயக்கத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் 1941 மே மாதத்தில் கைதாகி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். சைக்கிள்மீது அமர்ந்தபடியே செல்லும் உரிமையைக் கேட்டவர் அரசின் அமைதிக்கு ஆபத்தானவராக எண்ணப்பட்டார் என்பதை நினைக்கும்போது, பாதுகாப்பு என்ற சொல்லுக்குள் எத்தனை வகை நலன்கள் ஒளிந்துகொள்ள இடமிருக்கிறது என்பது தெளிவாகிறது.

அயலாரைப் பற்றிப் பேச்சு வரும் மேடைகளில் கணியன் பூங்குன்றனார் தவறாமல் நினைக்கப்படுகிறார். அவருடைய பாட்டு உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இந்தக் கேள்விக்கு அதைவிடக் கூர்மையான விடையைச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை வைத்திருக்கிறது. கோவலன் மதுரைக்கு அயலூரான்; புகாரிலிருந்து வந்தவன்; நகரில் அவனை அறிந்து சான்று சொல்ல எவருமில்லை. அரசியின் சிலம்பைத் தானே திருடிய பொற்கொல்லன், அயலான் ஒருவன் கையில் சிலம்பைக் கண்டதும், தன் குற்றத்தை ஏற்றி வைக்கத் தக்க ஆள் கிடைத்தான் என்று தெளிகிறான். ஊடல் கொண்ட தேவியைத் தேற்றப் போகும் அவசரத்தில் இருந்த மன்னன் ஆராயாமல் ஆணையிடுகிறான். இதுவரை எல்லாரும் அறிந்த கதைதான். அடுத்து வரும் பகுதியே நின்று பார்க்கத் தக்கது. காவலர்கள் கோவலனை நேரில் கண்டதும் தயங்குகிறார்கள். இவன் தோற்றத்தில் கள்வனுக்குரிய குறி எதுவும் இல்லையே என்கிறார்கள். உடனே பொற்கொல்லன் களவுநூல் வல்லவனாகப் பேசத் தொடங்குகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டுத் துணைகளைக் கொண்டு கள்வர் தொழில் செய்வதால், அவர்களை எளிதில் கண்டுகொள்ள இயலாது என்று விரித்துரைக்கிறான். இந்தத் தருக்கத்தின் கொடுமை என்னவென்றால், குற்றமின்மையின் அடையாளமே அதற்குள் குற்றத்தின் சான்றாக மாறிவிடுகிறது. நல்லவனைப்போல் தோன்றுகிறான், ஆகவே தேர்ந்த கள்வன் என்றாகிவிடுகிறது. பிறகு காவலர்களுள் ஓர் இளைஞன், மழையிருட்டில் தான் முன்பு எதிர்கொண்ட வேறொரு கள்வனின் கதையைச் சொல்கிறான். அந்தக் கள்வனுக்கும் கோவலனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் கதை முடியும்போது அச்சம் முற்றிவிடுகிறது; குடிவெறியில் இருந்த ஒருவனின் வாள் பாய்கிறது.

வேறெவனோ செய்த குற்றத்தின் நினைவு எதிரே நிற்பவன்மீது விழுவதுதான் பொதுமக்களின் குடியேறி அச்சம் வளரும் வழி. நிபுணத்துவத்தின் தோரணையோடு வரும் எச்சரிக்கை அதற்கு அறிவின் ஆடையைப் போர்த்துகிறது. இவ்விரண்டும் மனித இயல்பு. சட்டம் எதற்காக இருக்கிறது என்றால், இவற்றுக்கும் வாளுக்கும் இடையே விசாரணை என்ற ஒரு நிறுத்தத்தை வைப்பதற்காகவே. சிலப்பதிகாரத்தில் அந்த நிறுத்தம் கிடைத்திருந்தால் அதற்கு ஆகும் நேரம் எவ்வளவு என்பதையும் இளங்கோவடிகள் காட்டிவிடுகிறார். கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கப் பரல்கள், அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துப் பரல்கள். ஒரு சிலம்பை உடைத்துப் பார்க்கும் நேரமே போதுமானதாக இருந்தது.

மலேசியாவின் குடிநுழைவுச் சட்டத்தை இந்தக் கண்ணோடு வாசிக்கும்போது சில பிரிவுகள் கனமாகத் தெரிகின்றன. 1959/63 ஆம் ஆண்டுச் சட்டம் எனப்படும் அதன் 59ஆம் பிரிவு, அமைச்சரோ தலைமை இயக்குநரோ ஒருவருக்கு எதிராக ஆணையிடுமுன் அவர் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தரப்படாது என்று வெளிப்படையாகவே கூறுகிறது. பின்னர் சேர்க்கப்பட்ட 59A பிரிவு, அத்தகைய ஆணைகளை நீதிமன்றம் மறு ஆய்வு செய்வதைத் தடுக்கிறது. நடைமுறை விதிகள் பின்பற்றப்பட்டனவா என்பதை மட்டும் பார்க்கலாம், ஆணை நியாயமானதா என்று பார்க்க இயலாது. கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆம் விதி, கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. குடிநுழைவுச் சட்டத்தின்கீழ்ப் பிடிபட்ட குடிமகன் அல்லாதவருக்கு அந்த 24 மணி நேரம் 14 நாள்களாகிவிடுகிறது. அனுமதியின்றி நுழைந்தவருக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் மட்டுமின்றி ஆறு பிரம்படி வரையும் உண்டு. வெளியேற்றத்துக்காகத் தடுத்து வைக்கப்பட்டவர் எத்தனை நாள் அங்கே இருக்கலாம் என்பதற்குச் சட்டம் மேல்வரம்பு வைக்கவில்லை. மனிதர் இருவர் ஒரே தெருவில், ஒரே நாளில் பிடிபட்டாலும், ஒருவருக்கு ஒரு நாளும் மற்றவருக்குப் பதினான்கு நாளும் என்ற வேறுபாட்டை அவர்கள் செய்த செயல் தீர்மானிப்பதில்லை. கையிலிருக்கும் கார்டு தீர்மானிக்கிறது. ஹன்னா அரெண்ட் 1951இல் எழுதியபோது, எந்த நாட்டுக்கும் உரியவரல்லாதவர் இழப்பது தனித்தனி உரிமைகளை அன்று, உரிமைகளுக்கு உரியவராகக் கருதப்படும் தகுதியையே என்று கண்டார். ஜெர்மனியிலிருந்து தப்பி, பல ஆண்டுகள் நாடற்றவராக வாழ்ந்தவர் அவர் என்பதால் அந்தக் கருத்தில் பட்டறிவின் எடை இருக்கிறது.

கார்டின் நிறம் தலைவிதியாவதைத் தோட்டத் தமிழர்கள் 1969க்குப் பின் கண்டார்கள். இந்தியாவிலிருந்து வருவதற்குக் கடுமையான கட்டுப்பாடு 1953இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஒரே பேரரசின் குடிகள் என்ற முறையில் வந்து, பால் மரம் சீவியே முதுமை எய்தியவர்கள், குடியுரிமைக்கு மனுச் செய்ய வேண்டும் என்பதை அறியாமலோ, அறிந்தும் எழுத்தறிவும் பத்திரமும் இல்லாமலோ, நிரந்தரவாசிகளுக்குரிய சிவப்பு அடையாளக் கார்டோடு நின்றுவிட்டனர். குடிமக்கள் அல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாக்கும் சட்டம் 1968இல் வந்தது. 1969 மே 13 கலவரத்துக்குப் பின் நிலவிய அவசரநிலையில் அது இறுக்கப்பட்டபோது, ஏறத்தாழ 60,000 இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் நாட்டைவிட்டுச் சென்றனர். குடிமக்களுக்கு வேலை தருவதே நோக்கம் என்று அதற்குக் காரணம் கூறப்பட்டது, அந்த நோக்கம் பொய்யும் அன்று; ஆனால் கணவனிடம் சிவப்பும் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் நீலமுமாக இருந்த வீடுகளில், யார் போவது யார் இருப்பது என்று கேட்க வேண்டிய நிலை வந்தது. அவர்களில் எவரும் கலவரத்துக்குக் காரணம் என்று எவரும் சொல்லவில்லை. அச்சம் நிறைந்த காலத்தில் கணக்கைத் தீர்ப்பதற்கு எளிதான ஆள்கள் அவர்களாக இருந்தார்கள், அவ்வளவே. 2024 அக்டோபர் 17 அன்று மக்களவை ஏற்ற அரசியலமைப்புத் திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு நீண்டகாலம் மறுக்கப்பட்ட நீதியை அளித்தது. அதே திருத்தம், நிரந்தரவாசிகளுக்கு இம்மண்ணில் பிறக்கும் பிள்ளைகள் தாமாகவே குடியுரிமை பெறும் வழியை அடைத்தது. சிவப்புக் கார்டின் வரலாற்றை அறிந்த சமூகத்தில் இந்த இரண்டாம் பகுதி இன்னும் அதிகமாகப் பேசப்பட்டிருக்க வேண்டும்.

குடியுரிமை கிடைத்துவிட்டால் ஐயம் நீங்கிவிடும் என்பதும் முழு உண்மையன்று. ஆராயாமல் ஒருவனை நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பின் அவன்மீது ஐயப்படுவதும் ஆகிய இரண்டுமே தீராத் துன்பம் தரும் என்பது தெரிந்து தெளிதல் அதிகாரத்தின் முடிவு. அதன் முதற்பாதியை அரசுகள் நன்றாகக் கற்றுக்கொண்டன, பின்பாதியை மறந்துவிட்டன. 2007 நவம்பரில் இந்து உரிமைப் பணிப் படையான ஹிண்ட்ராஃப் கோலாலம்பூரில் நடத்திய பேரணிக்குப் பின், அதன் தலைவர்கள் ஐவர் விசாரணையின்றித் தடுத்து வைக்க இடந்தரும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பிடிக்கப்பட்டனர்; விடுதலைப் புலிகளோடு அவர்களுக்குத் தொடர்பு உண்டு என்ற பேச்சும் காவல்துறைத் தரப்பிலிருந்து எழுந்தது. அச்சட்டம் 2012இல் நீக்கப்பட்டு, சொஸ்மா எனப்படும் பாதுகாப்புக் குற்றங்கள் சட்டம் வந்தது. அது 28 நாள் வரை காவலில் வைத்து விசாரிக்கவும், பிணையை மறுக்கவும் வழி செய்கிறது. 2019 அக்டோபரில் 12 தமிழர்கள், அவர்களுள் மலாக்கா, நெகிரி செம்பிலான் மாநிலங்களின் சட்டமன்ற உறுப்பினர்கள் இருவர், பத்தாண்டுகளுக்கு முன் போர்க்களத்தில் அழிந்துபோன அந்த இயக்கத்தை ஆதரித்ததாகக் கைதாயினர். கைப்பேசியில் இருந்த படங்களும் முகநூல் படங்களும் சான்றுகளாகக் காட்டப்பட்டன. பிணையை மறுக்கும் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்ற நீதிபதி முகமது நஸ்லான் கசாலி அதே ஆண்டு நவம்பர் 29 அன்று தீர்ப்பளித்தார்; அத்தீர்ப்போடு அப்பிரிவு மறைந்துவிடவில்லை. 2020 பிப்ரவரி 21 அன்று, குற்றம் நிறுவப்படும் வாய்ப்பு இல்லை என்று கூறிச் சட்டத்துறைத் தலைவர் டோமி தாமஸ் எல்லாக் குற்றச்சாட்டுகளையும் கைவிட்டார். அந்தச் சான்றுகளை முதல் வாரத்திலேயே ஒரு நீதிபதியின் முன் வைத்திருந்தால், சிலம்பை உடைத்துப் பார்க்கும் நேரம்தான் ஆகியிருக்கும் என்று தோன்றுகிறது.

அவர்களுக்காவது வழக்கறிஞர்கள் இருந்தார்கள், வாக்காளர்கள் இருந்தார்கள், முடிவில் ஒரு சட்டத்துறைத் தலைவர் கோப்பைத் திறந்து படித்தார். 2014 மே மாதத்தில் அதே இயக்கத்துக்கு உயிரூட்ட முயன்றதாகப் பிடிபட்ட இலங்கைத் தமிழர் மூவர், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் பாதுகாப்பில் இருந்தவர்களாயினும், எந்த நீதிமன்றத்திலும் குற்றம் நிறுவப்படாமலே இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாததால், அகதி என்ற சொல்லே அதன் குடிநுழைவுச் சட்டத்தில் இல்லை. ஆணையத்தின் அட்டையைக் காட்டும் 1,80,000க்கும் மேற்பட்டோர் சட்டத்தின் கண்ணில் பெர்மிட் இல்லாதவர்கள்தான். பாலத்துக்கு அப்பாலும் நிலை பெரிதும் வேறானதன்று: 2013 டிசம்பர் 8 அன்று சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் கலவரம் நடந்தபின், 25 பேர்மீது நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது, 50க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் இந்தியத் தொழிலாளர்கள், வழக்கு எதுவுமின்றியே ஊருக்கு அனுப்பப்பட்டனர்.

இங்கே மலேசியத் தமிழ்ச் சமூகம் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்றைத் தவிர்க்க இயலாது. வந்தேறி என்ற சொல்லால் காயப்பட்ட அதே சமூகத்தின் பேச்சில், வங்காளதேசத்தாரையும் ரோஹிங்கியரையும் பற்றிப் பேசும்போது, கள்ளக் குடியேறி என்ற சொல் தடையின்றி வருகிறது. கள்ள என்ற அடைமொழியில் கள்வன் இருக்கிறான். மதுரைக் காவலர்கள் கோவலனுக்கு இட்ட பெயர்தான் அது, விசாரணைக்கு முன்பே இடப்பட்ட பெயர். பெர்மிட் இல்லாதவர்களில் எத்தனையோ பேர் பெர்மிட்டோடு வந்தவர்கள். ஒரு தொழிலாளியின் பெர்மிட் அவருடைய முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. முதலாளி அதைப் புதுப்பிக்கத் தவறினாலும், கடப்பிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு சம்பளம் தராததால் தொழிலாளி அங்கிருந்து ஓடினாலும், சட்டத்தை மீறியவராவது தொழிலாளியே. ஜொகூர் பாருவின் உணவகங்களிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை செய்யும் இளைஞர்களுக்கும் இதே நிலை நேரக்கூடும் என்பதை அறிந்தும், வேறு மொழி பேசுபவன் பிடிபடும்போது மட்டும் நாட்டுக்கு நல்லது என்று எண்ணுவது நேர்மையாகாது. இதற்கு மாறாக நின்றவரும் இந்நாட்டிலேயே இருந்தார். தெனகனித்தா அமைப்பின் ஐரின் பெர்னாண்டஸ், தடுப்பு முகாம்களில் பெரும்பாலும் வங்காளதேசத் தொழிலாளர்கள் பட்ட கொடுமைகளைக் கேட்டெழுதி 1995இல் அறிக்கையாக வெளியிட்டார். அவர்கள் சொன்னதைக் கேட்டதற்காக அவர்மீதே வழக்குத் தொடரப்பட்டு, 2003இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, 2008இல்தான் விடுவிக்கப்பட்டார்.

கேட்டறியும் கடமை ஒரு சமயத்துக்கோ மொழிக்கோ உரியதன்று. ஒற்றன் கொண்டுவரும் செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல்லும் ஒத்திருந்தால்தான் தெளிய வேண்டும் என்பது ஒற்றாடல் அதிகாரத்தின் விதி. வேவு பார்ப்பதை அந்நூல் விலக்கவில்லை, வேவு சொன்னதையே தீர்ப்பாக்குவதைத்தான் விலக்குகிறது. மலேசியாவின் கூட்டரசு சமயமான இஸ்லாத்தின் வேதத்திலும், 49ஆம் அத்தியாயமாகிய ஹுஜுராத், நம்பத் தகாதவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரியுங்கள், இல்லையேல் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின் வருந்துவீர்கள் என்ற பொருள்படப் பணிக்கிறது. ஆகவே 59ஆம் பிரிவைக் கேள்வி கேட்பவர் வெளிநாட்டு மனித உரிமைக் கோட்பாட்டை இறக்குமதி செய்கிறார் என்ற வாதம் நிற்காது. அந்தப் பிரிவுதான் காலனியாட்சியின் அவசரகால மனநிலையிலிருந்து எஞ்சியது, விசாரணைக் கடமை இந்த மண்ணின் சமயங்களில் அதற்கு மிக முந்தியது.

மணிமேகலை காப்பியத்தில் ஒரு காதைக்கே சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை என்று பெயர். அமுதசுரபியோடு புகார் நகரச் சிறைக்குள் நுழைந்து பசித்தவர்களுக்கு உணவிட்ட மணிமேகலையிடம், உனக்கு என்ன வேண்டும் என்று மன்னன் கேட்கிறான். சிறையை அறம் செய்யும் இடமாக மாற்றித் தர வேண்டும் என்று அவள் கேட்கிறாள், அவனும் இசைகிறான். அவள் கேட்டது பெரிது, இன்றைய அரசு எதுவும் அதைத் தராது. ஆனால் அவள் முதலில் உள்ளே போக முடிந்தது. ஜொகூரில், பொந்தியான் மாவட்டத்தில், அன்னாசி விளைந்ததால் அதன் பெயரையே பெற்ற பெக்கான் நானாஸ் என்ற சிற்றூரில் குடிநுழைவுத் துறையின் தடுப்பு முகாம் இருக்கிறது. அதற்குள்ளும் நாட்டின் மற்ற முகாம்களுக்குள்ளும் இருப்பவர்களில் யார் வேலை தேடி வந்தவர், யார் உயிருக்கு அஞ்சி வந்தவர் என்பதை நேரில் கேட்டுப் பிரித்தறியும் பணி ஐ.நா. அகதிகள் ஆணையத்தினுடையது. 2019 ஆகஸ்டிலிருந்து அந்த முகாம்களுக்குள் நுழைய அதற்கு அனுமதி தரப்படவில்லை.